பழஞ் சுவருக்கு ஈவது ஈகையா, கடனா?

வயிறு வாடிய பிள்ளை ஒருவன் வாசலில் நிற்கின்றான். வீட்டின் பின்கட்டில் பாட்டன் எழுப்பிய சுவர் ஒன்று சாய்ந்து நிற்கின்றது. வீட்டாரின் கையிலோ இருப்பது ஒரே வெள்ளி. அதனைப் பிள்ளைக்குக் கொடுப்பதா, சுவருக்குக் கொடுப்பதா என்று கேட்டால், அறிவுடையார் எவரும் பிள்ளைக்கே என்று விடையிறுப்பர். யாமும் நெடுநாள் அங்ஙனமே சொல்லி வந்தோம். ஆயின், அவ்வீட்டாரின் கையில் ஒரே வெள்ளி எஞ்சியது ஏன், ஏனைய வெள்ளிகள் எங்குச் சென்றன என்று கேட்கத் தொடங்கிய பின்னர், அவ்விடை எமக்கு முன்போல் எளிதாக வரவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களுக்கென்று எழுந்த கல்லூரிகளின் பழங் கட்டடங்களைப் பற்றியும், அவற்றைக் காக்க வேண்டும் பணத்தைப் பற்றியும் படித்ததே இம்மாற்றத்திற்குக் காரணம். அதனை அன்பர்கள் முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாட்டில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன், தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவித்தலே குற்றமாக இருந்தது. விடுதலை பெற்ற மக்கள் நிலத்தை விரும்பியது போலவே ஏட்டையும் விரும்பினர். வெள்ளையர் கல்லூரிகள் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஆதலின், கிறிஸ்தவ சபைகளின் உதவியாலும், வடநாட்டு அன்பர்களின் பொருளாலும், எல்லாவற்றிற்கும் மேலாக அம்மக்களின் சொந்த உழைப்பாலும் தனிக் கல்லூரிகள் தோன்றின. 1964-ஆம் ஆண்டிற்கு முன் இந்நோக்கத்தோடு நிறுவப்பட்டவற்றை அந்நாட்டின் 1965-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒரு தனி இனமாகவே குறிக்கின்றது. இன்று அவை ஏறத்தாழ நூறு உள்ளன.

அவற்றின் கட்டடங்கள் எங்ஙனம் எழுந்தன என்பதை அறியாமல் அவற்றைக் காப்பது தகுமா தகாதா என்று பேசுதல் வீண். ஆகவே, சிலவற்றின் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி கல்லூரி 1881-இல் தொடங்கிற்று. அதன் தலைவராக வந்த புக்கர் டி. வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். மாநில அரசாங்கம் ஆண்டுக்கு 2,000 அமெரிக்க வெள்ளி ஒதுக்கிற்று. ஆனால் அப்பணம் ஆசிரியர் சம்பளத்திற்கு மட்டுமே உரியது. நிலம் வாங்கவோ, கட்டடம் எழுப்பவோ ஒரு காசும் இல்லை. பாழடைந்த பழைய தோட்டம் ஒன்று 500 வெள்ளிக்கு விலைக்கு வந்தது. அதன் முதற்பகுதியான 250 வெள்ளியையும் அவர் கடன் வாங்கியே கட்டினார். அத்தோட்டத்துப் பெரிய மாளிகை முன்னரே எரிந்து போயிருந்தது. எஞ்சி நின்றவை ஒரு சிறு வீடு, ஒரு பழைய சமையற்கட்டு, ஒரு குதிரை லாயம், ஒரு கோழிக் கூண்டு. லாயமும் கோழிக் கூண்டும் வகுப்பறைகளாயின.

பின்னர் மாணவர்களே செங்கல் அறுக்கத் துணிந்தனர். முதற் சூளை கெட்டது, இரண்டாவதும் கெட்டது, மூன்றாவது சூளையும் இடிந்து வீழ்ந்தது. கையில் பணமில்லை. வாஷிங்டன் தம் கடிகாரத்தை மான்ட்கொமரி நகரில் 15 வெள்ளிக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். அது வென்றது. கடிகாரத்தை மீட்கத் தவணைக்குள் பணம் சேரவில்லை. அது போனது போனதே. அந்நாட்களில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கிழவி, அடிமையாகவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள், கந்தலுடுத்தி, கோலூன்றி வந்து, தான் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துச் சென்றாள் என்று வாஷிங்டன் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவள் பெயரை அவர் எழுதவில்லை.

அம்மாணவர் அறுத்த செங்கற்களைக் கொண்டு கட்டடங்களை வகுத்தவர் ராபர்ட் டெய்லர் என்பவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892-இல் பட்டம் பெற்ற இவரே, அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர். வாஷிங்டன் குடியிருந்த 'ஓக்ஸ்' என்னும் இல்லமும் இவர் வகுத்ததே. ஆகவே, வரைந்தவரும் சுட்டவரும் அடுக்கியவரும் ஒரே இனத்தார். பெரும்பாலும் அடிமைகளின் பிள்ளைகள். 'இவர்களால் இயலாது' என்று உலகம் சொல்லிக் கொண்டிருந்தபோது, அச்சொல்லுக்கு எழுந்த மறுமொழி அச்சுவர்கள்.

டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1866-இல் தொடங்கிய பிஸ்க் கல்லூரியின் கதை வேறு வகையானது. போர்க்காலத்தில் இராணுவ வைத்தியசாலையாக இருந்த மரக் கொட்டகைகளில் அது நடந்தது. கொட்டகைகள் உளுத்தன, கடன் ஏறிற்று. 1871 அக்டோபர் மாதம் 6-ஆம் நாள் ஒன்பது மாணவ மாணவியர், கல்லூரிப் பொருளாளருடன், பாட்டுப் பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டனர். அவருட் பெரும்பாலார் அடிமைகளாகப் பிறந்தவர். வழியில் பல விடுதிகள் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. சிக்காகோ நகரம் தீயில் வெந்தது என்று கேட்டபோது, தொடக்கத்தில் கிடைத்த சிறு தொகையை அந்நகரத்தாருக்கே கொடுத்துவிட்டனர். பின்னர்ப் புகழ் பரவிற்று; 1873-இல் விக்டோரியா அரசியார் முன்னும் பாடினர். அப்பணத்தால் எழுந்ததே 1876-இல் திறக்கப்பட்ட ஜூபிலி மண்டபம். இன்றும் அது மாணவர் விடுதியாக விளங்குகின்றது.

மூன்றாவது ஒன்றைக் கூறுவோம். அலபாமாவிலேயே உள்ள டாலடேகா கல்லூரியில் ஸ்வெய்ன் மண்டபம் என்று ஒன்று உண்டு. 1850-களின் தொடக்கத்தில், வெள்ளையர் பிள்ளைகளின் கல்விக்கென்று, அடிமைகளின் உழைப்பால் அது கட்டப்பட்டது. கட்டியவரின் பிள்ளைகளுக்கு அதனுள் மாணவராக நுழைய உரிமையில்லை. போர் முடிந்த 1865-இல், வில்லியம் சாவரி, தாமஸ் டாரன்ட் என்னும் இருவர், இருவரும் முன்னாள் அடிமைகள், தம் இனத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். பள்ளி பெருகிற்று. 1867-இல் அக்கட்டடமே விலைக்கு வந்தது. ஒரு கிறிஸ்தவ சங்கத்தின் துணையோடு அதனை வாங்கினர். தச்சரான சாவரி அதனைக் கட்டிய கைகளில் ஒருவர் என்று கூறுவர்.

நிற்க. இக்கட்டடங்களுக்கு இன்று நேர்ந்துள்ள நிலை யாது? 1998-இல் அமெரிக்க நடுவணரசின் தணிக்கை அலுவலகம் ஒரு கணக்கெடுத்தது. இத்தகைய 103 கல்லூரிகளில் 712 வரலாற்றுக் கட்டடங்களும் இடங்களும் பழுது பார்க்கத் தக்கவை எனவும், அதற்கு 75 கோடியே 50 இலட்சம் வெள்ளி வேண்டும் எனவும் அது கண்டது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்பணிக்கென்று அனுமதித்த தொகையோ 2 கோடியே 90 இலட்சம். வேண்டுவதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. பின்னரும் சட்டங்கள் வந்தன. 2019-இல் வந்த சட்டம், 2025 வரை ஆண்டொன்றுக்கு ஒரு கோடி வெள்ளி வரையில் ஒதுக்கலாம் என்றது. அனுமதி வேறு, கையில் வரும் பணம் வேறு; ஒவ்வோராண்டும் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை தனியே ஒதுக்கினாலன்றிப் பணம் வாராது. முழுத் தொகையும் தவறாது வந்ததென்றே வைத்துக்கொண்டாலும், 1998-ஆம் ஆண்டின் விலைப்படியே அவ்வேலை முடிய 75 ஆண்டுகள் செல்லும். கூரை ஒழுகும் வீடு 75 ஆண்டு காத்திருக்குமா?

காத்திராது என்பதை யாம் எம் தொழிலிலேயே கண்டோம். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் யாம், ஒரு காலத்தில், பழைய கட்டடம் ஒன்றின் தகரக் கூரையை மாற்றும் செலவை 'அடுத்த ஆண்டு' என்று மூன்று ஆண்டுகள் தள்ளி எழுதினோம். எழுதச் சொன்னவர் மேலோர். எழுதிய கை எம்முடையது. நான்காம் ஆண்டில் கூரையோடு உத்தரமும் உளுத்திருந்தது. சுவரும் ஈரம் குடித்து உப்பியிருந்தது. முதலாண்டுச் செலவைப் போல் பன்மடங்கு கேட்டார் கட்டடக்காரர். பிறகு இடிப்பதே மலிவு என்றாயிற்று. பழங் கட்டடங்கள் பெரும்பாலும் இவ்வாறே மாள்கின்றன. 'இடி' என்று எவரும் ஆணையிடுவதில்லை. 'அடுத்த ஆண்டு' என்று எழுதுகின்றார்கள்.

பழஞ் செங்கல்லின் இயல்பும் ஈண்டு நோக்கத் தக்கது. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட பழைய செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்தோடு இணைந்து மூச்சு விடுவது. அதன் இடைவெளியில் மலிவான சிமெண்டைப் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லின் முகம் உதிர்ந்துவிடும். ஆதலின், முறைப்படி பழுது பார்க்கத் தனித் தொழிலறிவு வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். பணமில்லாத கல்லூரி செய்யும் அரைகுறைப் பழுது சில சமயம் பழுதினும் கேடாக முடிகின்றது. சிலவற்றிற்கு அதுவும் வாய்ப்பதில்லை. அட்லாண்டா நகரில், டூபாய்ஸ் என்னும் பேரறிஞர் 1897 முதல் 1910 வரை கற்பித்த கலாசாலையின் முதற் கட்டடம் 1869-இல் எழுந்தது. பின்னாளில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த அது, 2015-இல் தீக்கிரையாயிற்று.

இனி, மறுப்புகளை ஆராய்வோம். அவற்றுள் முதன்மையானது யாம் தொடக்கத்திற் கூறியதே. 'கல்லூரியில் சேர்ந்து, பணமின்றிப் படிப்பை விட்டுச் செல்லும் மாணவர் பலர். அவருக்கு உதவாமல் செங்கல்லுக்குக் கொட்டுவது அறமா?' என்பர். இது வலிமையுள்ள கேள்வி. இதனை இகழ்ந்து ஒதுக்குவோர் பசியை அறியாதவர்.

இக்கேள்வி எவரிடம் கேட்கப்படுகின்றது என்பதை மட்டும் நோக்குக. அந்நாட்டின் செல்வப் பல்கலைக் கழகங்களிலும் பழமையான மண்டபங்கள் உண்டு. அவை அழகாகப் பேணப்படுகின்றன. ஏழை மாணவர்க்கு உதவித் தொகையும் வழங்கப்படுகின்றது. சுவரா, மாணவனா என்று அவர்களை எவரும் வினவுவதில்லை. ஏழையை மட்டும் 'உன் நினைவை விற்றுச் சோறு உண்' என்கின்றது உலகம். இதுவே பிஸ்க் கல்லூரிக்கும் நேர்ந்தது. ஜார்ஜியா ஓகீஃப் என்னும் ஓவியப் பெருமாட்டி 1949-இல் அக்கல்லூரிக்கு அரிய ஓவியங்கள் பலவற்றை அளித்தார். கல்லூரி பணமுடையால் வாடி, அவ்வோவியங்களை விற்கவோ பங்கு கொடுக்கவோ வழக்கு மன்றம் ஏறிப் பல ஆண்டு போராடி, முடிவில் 2012-இல் பாதி உரிமையை வேறொரு காட்சிசாலைக்கு 3 கோடி வெள்ளிக்குக் கொடுத்தது. கொடுத்தவரின் விருப்பத்திற்கு மாறானது என்று கண்டித்தோர் பலர். கண்டிக்க எமக்கு மனம் வரவில்லை. கல்லூரியின் கதவு மூடப்படுமாயின் ஓவியத்தை யார் பார்ப்பது? ஆனால், ஒன்றும் இழக்கப்படவில்லை என்று சொல்லவும் எம்மால் இயலவில்லை. அத்தெரிவைச் செய்தவரைக் காட்டிலும், அவரை அந்நிலைக்குத் தள்ளிய நெடுங்காலக் கணக்கே எம் கண்ணில் படுகின்றது.

அக்கணக்கு யாது? இரண்டாவது மறுப்புக்கு விடையாக அதனைக் கூறுவோம். 'தன்மானமுள்ள இனம் அரசாங்கத்திடம் கையேந்தலாமா? தம் பாட்டன் வீட்டைத் தாமே காத்துக்கொள்ளட்டுமே' என்பது அம்மறுப்பு. தன்மானம் என்ற சொல் எமக்கு இனியது. ஆதலின் இதனையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

1890-இல் அந்நாட்டு நடுவணரசு ஒரு சட்டம் இயற்றிற்று. நிலமானியக் கல்லூரிகளில் நிற வேற்றுமை பாராமல் மாணவரைச் சேர்க்க வேண்டும். அன்றேல் கறுப்பினத்தார்க்குத் தனிக் கல்லூரி வைத்து, பணத்தை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்பது அதன் பொருள். தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியை வைத்தன. நியாயமான பங்கைக் கொடுக்க மறந்தன. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண்மை அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினர். முந்திய முப்பது ஆண்டுக் காலத்தில் மட்டும், இக்கல்லூரிகளுக்குச் சேரவேண்டியதில் குறைந்த தொகை மொத்தம் 1,200 கோடி வெள்ளிக்கு மேல் என்று அக்கடிதங்கள் கணக்குக் காட்டின. டஸ்கீகிக்குத் தொடக்க நாளிலேயே கட்டடத்திற்கு ஒரு காசும் இல்லை என்று கண்டோம். இனத்தாரிடம் வரியை வாங்கிக்கொண்டு, அவர் பங்கைப் பிறர்க்குக் கொடுத்த காலம் எத்துணை நீண்டது!

ஆகவே, இன்று அரசாங்கம் அக்கூரைக்குக் கொடுக்கும் பணத்தை ஈகை என்று அழைப்பது மொழிப் பிழை மட்டுமன்று, அறப் பிழையுமாகும். கடன் கொடுத்தவன் அதனைத் திரும்பப் பெறுங்கால் தலைகுனிய வேண்டுவதில்லை. கடன்பட்டவன் அதனைத் திருப்பிக் கொடுக்கும்போது தன்னை வள்ளல் என்று பறைசாற்றிக் கொள்ளவும் உரிமை இல்லை. இன்னும் ஒன்று. இத்தகைய உதவிகள் சிலவற்றில், கல்லூரியும் தன் பங்குப் பணத்தைப் போடவேண்டும் என்ற விதி உண்டு. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால், எவனிடம் ஒன்றுமில்லையோ அவனே அதிகம் வேண்டுவோன். பங்குப் பணம் போட இயலாதவனும் அவனே. அவ்விதியைத் தளர்த்தாமல் உதவி வழங்கினால், ஓரளவு வசதியுள்ளது பெறும். இடியும் நிலையிலுள்ளது இடிந்தே போகும்.

அப்படியாயின் அம்மக்கள் தாமாக ஒன்றும் கொடுக்க வேண்டாவோ எனின், கொடுத்தல் நன்றே. ஆறு முட்டை கொடுத்த கிழவி எவருடைய கடனையும் அடைக்கவில்லை. அவள் கொடுத்ததனால் பள்ளி அவளுடையதாயிற்று. அவ்வுரிமை உணர்ச்சிக்காகச் சிறு தொகையேனும் தம் கையால் இடுதல் சிறப்பு. அதனைச் சாக்காகக் கொண்டு கடன்பட்டவர் நழுவுதல் மட்டும் கூடாது.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருவது. 'அடிமைகளை வதைத்து எழுப்பிய கட்டடத்தை ஏன் காக்க வேண்டும்? ஸ்வெய்ன் மண்டபம் போன்றவை அவமானச் சின்னங்கள். இடித்துத் தரைமட்டமாக்கிப் புதியது கட்டுக' என்பர். சீர்திருத்தத்தில் பற்றுள்ள எமக்கு இச்சொல் முதலில் இனித்தது. பழமை என்ற ஒரு காரணத்தாலேயே எதையும் போற்றுதல் அடிமைப் புத்தி என்பதில் எமக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், இடித்தால் எவனுடைய சுவடு அழிகின்றது என்று எண்ணிப் பார்த்தோம். ஆண்டையின் பெயர் பத்திரங்களிலும் கல்லறைகளிலும் நூல்களிலும் நிலைத்திருக்கும். அடிமைத் தச்சனுக்கோ எழுத்தும் மறுக்கப்பட்டது, பத்திரமும் மறுக்கப்பட்டது. அவன் இவ்வுலகில் விட்டுச் சென்ற கையெழுத்து அவ்வுத்தரமும் அச்செங்கல்லுமே. அவற்றை அழித்தால், ஆண்டை தொடங்கிய வேலையை நாமே முடித்துக் கொடுத்தவராவோம். மேலும், தனக்கு அடைக்கப்பட்ட கதவைத் தானே விலைகொடுத்துத் திறந்து, தன் பிள்ளைகளை உள்ளே அமர்த்திய ஒரு மக்களின் வெற்றியும் அக்கட்டடத்தில்தான் இருக்கின்றது.

இவ்வளவும் கூறியதனால், பழைய சுவர் எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று யாம் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. பணம் அளவுடையது, தெரிவு செய்தே ஆகவேண்டும். எம் கருத்தில், கேட்கத் தக்க கேள்விகள் இரண்டு. அக்கட்டடம் மாணவர்க்கு இன்று பயன்படுமா என்பது ஒன்று. ஜூபிலி மண்டபத்தில் மாணவர் உறங்குகின்றனர். அதன் கூரையைச் செப்பனிடுவது சுவருக்குக் கொடுப்பதும் ஆகும், பிள்ளைக்குக் கொடுப்பதும் ஆகும். வேறெதுவும் சொல்ல இயலாத ஒரு செய்தியை அது சொல்கின்றதா என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் 'இல்லை' என்றே விடை வருமாயின், படம் பிடித்து, வரலாற்றை எழுதி வைத்து, அதனை விட்டுவிடலாம். எந்நிலையிலும், மாணவனின் உதவித் தொகையிலிருந்து எடுத்துச் சுவருக்குக் கொடுத்தல் கூடாது. கடன்பட்டவரிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுப்பது இரட்டை அநீதி.

செய்யக் கூடியது இன்னொன்றும் உண்டு. டஸ்கீகியில் கட்டடக்கலை கற்பிக்கும் பள்ளி இன்று ராபர்ட் டெய்லரின் பெயரையே தாங்கியுள்ளது. பாட்டன் அறுத்த செங்கல்லைப் பேரன் எங்ஙனம் செப்பனிடுவது என்பதை அங்கேயே கற்பித்து, அவ்வேலைக்குக் கூலியும் கொடுத்தால், கூரைக்கு வந்த பணம் மாணவன் கையில் தொழிலாகவும் ஊதியமாகவும் சேரும். தொடக்கத்தில் யாம் கூறிய ஒரே வெள்ளியை இருவருக்கும் பயன்படச் செய்யும் வழி இது.

நண்பர்களே, இது தொலைவிலுள்ள நாட்டின் செய்தி. எனினும், பழங் கட்டடம் ஒன்றைக் காணுமிடமெல்லாம், 'காப்பாற்றுக' என்றோ 'இடித்துத் தள்ளுக' என்றோ உடனே கூவுதற்கு முன், இதனைக் கட்டியவர் யார், இதற்குக் கொடுத்தவர் யார், இதனைப் பேண வேண்டியவர் அப்பணத்தை எங்கே வைத்திருக்கின்றார் என்று கேட்கும் பழக்கத்தை அது எமக்குக் கற்பித்தது. 'அடுத்த ஆண்டு' என்று எழுதிய எம் கை, அக்கேள்வியை அன்று கேட்கவில்லை. ஆறு முட்டையைக் கொடுத்த அக்கிழவிக்குக் கல்லறை எங்கே என்று எவரும் காட்டார். அவள் கொடையால் தொடங்கிய பள்ளி நிற்கின்றது. அதன் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது அவளுக்குச் செலுத்தும் கடனே அன்றி ஈகை ஆகாது. இதனைச் சிந்திப்போமாக.